சிவப்புக் குறி

டிசம்பர் 21

எங்கள் குறுஞ்செய்தி நிறுவனத்தில் புத்தாண்டு வியாபாரம் தொடங்கிவிட்டது. டயர் கடை, பல் மருத்துவமனை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்று காலையிலிருந்து ஊருக்கெல்லாம் குறுஞ்செய்தி வாழ்த்து எழுதினேன். எல்லோருக்கும் "இதயங்கனிந்த" வேண்டுமாம். பல் மருத்துவர் மட்டும் புன்னகையையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். என் இதயம் கனிகிற நிலையில் இல்லை, கழுத்து வலிக்கிறது.

டிசம்பர் 23

எந்த வாழ்த்தையும் லட்சம் பேருக்கு விடும் முன் மூன்று எண்களுக்கு அனுப்பிப் பார்ப்போம். ஒன்று முதலாளியுடையது, ஒன்று என்னுடையது, மூன்றாவது அண்ணனுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் விளையாட்டாகச் சேர்த்தேன். "டயர் கடைக்காரனுக்கு என் மேல என்னடி இவ்வளவு பாசம்?" என்று போன் போட்டுக் கேலி செய்வான்.

அம்மாவைக் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதா, வீட்டுக்குக் கொண்டுவருவதா என்ற சண்டையில் பேச்சு நின்றுபோனது. வருடம் இரண்டாகிறது. எண்ணை மட்டும் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கணினித் திரையில் அதற்கு எதிரே "சேர்ந்தது" என்று வரும். நல்லா இருக்கான் என்று நினைத்துக்கொள்வேன். வேறென்ன செய்ய?

டிசம்பர் 25

தலைவலி. நகைக்கடைக்காரருக்கு நான்காவது தடவையும் வாழ்த்து பிடிக்கவில்லை.

டிசம்பர் 28

அண்ணன் எண்ணுக்கு எதிரே "சேரவில்லை". நேற்றும் அப்படித்தான்.

டிசம்பர் 29

இன்றும் சேரவில்லை. "செத்த நம்பரத் தூக்கிட்டு வேற போடுங்க" என்றார் முதலாளி. தொழில் பேச்சுதான், இருந்தாலும் நான் தூக்கவில்லை. நானே அழைத்துப் பார்த்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதாம்.

அவன் தனிக்கட்டை. யாரக் கேக்கறது? பக்கத்து வீட்டு நம்பர்கூட வாங்கி வைக்கல — என்ன தங்கச்சி நான்? நாளைக்கு லீவு கேட்டா கிடைக்காது. கேக்கப்போறதில்ல. போயிடுவேன்.

டிசம்பர் 30

போனேன். கதவைத் தட்டினேன்.

திறந்தது அவனேதான். பாதி முகத்தில் சவர நுரை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். சார்ஜர் கெட்டுப்போனதாம், வாங்கப் போகச் சோம்பலாம்.

"இத்தன நாளா பதில் போட்டேன், நீ வாயத் தெறக்கல. போன் செத்ததும் ஓடி வர்றே" என்றான்.

என்ன பதில்? எனக்குப் புரியவில்லை. என் சார்ஜரைச் செருகினேன். போனுக்கு உயிர் வந்ததும் திறந்து காட்டினான். டயர் கடை வாழ்த்துக்குக் கீழே, "உனக்கும். உடம்பு எப்படி இருக்கு?" பல் மருத்துவமனைக்குக் கீழே, "கோபமெல்லாம் போச்சு. வீட்டுக்கு வா." மேலே தள்ளத் தள்ளப் போன வருடத்து வாழ்த்துகளுக்கும் பதில். எல்லாவற்றின் பக்கத்திலும் சிவப்புக் குறி. ஒன்றுகூடப் போகவில்லை. எண் இல்லாமல் கடைப் பெயரில் போகும் எங்கள் வாழ்த்துகளுக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. அதை அவனிடம் சொல்ல எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"நீதானே எழுதறே, உனக்குத்தான் வரும்னு போட்டேன். செவப்பு வந்தா நீ பாத்துட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

அழுதுவிட்டேன். அவன் மீதி முகத்தை மழிக்கப் போய்விட்டான்.

ஜனவரி 1

கடைசி வாழ்த்தும் போய்ச் சேர்ந்தது. அண்ணன் எண்ணைச் சோதனை எண்களிலிருந்து எடுத்துவிட்டேன். என் சொந்த எண்ணிலிருந்து அவனுக்கு ஒரு வாழ்த்து எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை. "சாப்பிட்டியா" என்று மட்டும் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"ஆச்சு. நீங்க எந்தக் கடை?"