பாதிப் படத்துக்கு என் குரல்

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் கப்பலில் சேரப் போகிற புதுச் சமையல்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். பனியன்களையும், நீங்கள் கேட்ட மாற்றுக் கண்ணாடியையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அதோடு வருகிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் போன் நாலு வார்த்தைக்கு ஒருமுறை கடலில் விழுந்து எழுந்து வருகிறது. பாதி சொன்ன விஷயம் சொல்லாததைவிட மோசம்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. மாடிவீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். தலைக்கு மேலே யாரும் நாற்காலி இழுக்காமல் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நான் புதுப் படம் ஒன்றுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்ன வேஷம் என்று கேட்கவே வேண்டாம், பதினான்கு வயதுப் பையன்தான். எனக்கு நாற்பத்து நாலு வயதாகிறது, இன்னும் மீசை முளைத்தபாடில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பையன்களாகப் பேசியிருக்கிறேன்! எல்லோருக்கும் ஒரே கதைதான். முதல் பாதியில் தப்பு செய்வார்கள், கடைசி ரீலில் யாராவது அறிவுரை சொல்வார்கள், நான் விசும்பி விசும்பி அழுது இனிமேல் செய்ய மாட்டேன் என்பேன், படம் முடிந்துவிடும்.

இந்தப் படம் அப்படியில்லை. மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஒரு சரக்கு லாரியில் ஏறித் தூங்கிப் போகிறார்கள். விழித்துப் பார்த்தால் வேறு ஊர். திரும்பி வருவதற்குள் படாத பாடு படுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் அவர்கள் பொய் சொல்லும் விதம், பயத்தை மறைக்கச் சிரிக்கும் விதம், மூவரில் ஒருத்தியைப் பாதி வழியில் விட்டுவிட்டு ஓடி, பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வரும் இடம், எல்லாம் அப்படியே நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எடுத்த மாதிரி இருந்தன. எடுத்தவள் முப்பது வயதுப் பெண். மேடம் என்று யாராவது கூப்பிட்டால் திட்டுகிறாள். படத்தில் ஒரு இடத்தில்கூட அந்தப் பிள்ளைகளை அவள் கேலி செய்யவுமில்லை, கொஞ்சவுமில்லை. எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

நாயகனாக நடித்த பையனை, படப்பிடிப்பு தொடங்கியபோது சுண்டெலி என்று கூப்பிட்டார்களாம். முடிந்தபோது பெயர் ஒட்டகம் ஆகிவிட்டது. நடுவில் மழையால் படப்பிடிப்பு தள்ளிப்போக, பையன் வளர்ந்துவிட்டான், குரலும் உடைந்துவிட்டது. வெளிப்புறச் சத்தத்தில் பதிவானதெல்லாம் வீணாகிவிட்டதால் முழுப் படத்துக்கும் மறுபடி பேச வேண்டும். ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் அந்த ஒட்டகம் ஸ்டுடியோவுக்கு வந்தது. திரையில் தன் வாயிலிருந்து என் குரல் வருவதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்று கடைசிக் காட்சி. பையன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறான். அப்பா கதவைத் திறக்கிறார். இவன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, "சாப்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்கிறான். நான் அந்த ஒரு வார்த்தையில் அழுகையைக் கொட்டினேன். ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது.

வெளியே வந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தபோது பையன் பக்கத்தில் வந்தான். காலைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இருந்துச்சு அக்கா. ஆனா அவன் அங்க அழ மாட்டான்" என்றான். ஏன் என்று கேட்டேன். "அழுதா அவங்கப்பா மன்னிச்சிடுவாரு. அவன் அதுக்காக வரல" என்றான்.

சுருக்கென்று இருந்தது. இருபது வருஷமாக இதே வேலையில் இருப்பவளிடம் நேற்று முளைத்தவன் சொல்கிறானே என்று எரிச்சல் வந்தது. பொய் சொல்வானேன். ஆனால் உள்ளே போய் நான் பேசியதை மறுபடி போட்டுக் கேட்டபோது, அந்தப் பையன் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. பழைய படங்களில் அழுத அதே அழுகையைத்தான் அழுதிருந்தேன். ஒருமுறை அவனையே பேச விட்டுப் பார்க்கலாம் என்று இயக்குநரிடம் சொன்னேன். ஒரே ஆளுக்கு ரெண்டு குரல் வைத்தால் தியேட்டரில் சிரிப்பார்கள் என்றாள். சிரித்தால் என் குரலையே வைத்துக்கொள் என்றேன்.

பையன் மைக் முன்னால் நின்றான். முதல் இரண்டு தடவை உதட்டசைவு பொருந்தவில்லை. மூன்றாவது தடவை, "சாப்" என்று கனமாகத் தொடங்கிய குரல் நடுவில் கீச்சென்று மேலே போய், தடுமாறி, மறுபடி கீழே இறங்கியது. சிரிக்க வாயைத் திறந்த ஒலிப்பதிவாளர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அழுகையே இல்லை. குரல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று ஒரு பிள்ளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது. என்னால் எந்த ஜென்மத்திலும் அப்படிப் பேச முடியாது.

கடைசியில் இயக்குநர் ஒரு முடிவு செய்தாள். பிள்ளைகள் லாரியில் தூங்கிப்போகும் வரை என் குரல். வேறு ஊரில் விழித்ததிலிருந்து அவன் குரல். பாதி வேஷம் கை நழுவிப் போனது. போகட்டும். இத்தனை வருஷத்தில் நான் பேசிய பையன்களில் இவன் ஒருவன்தான் பெரியவனானான்.

படம் முடிந்ததும் ஸ்டுடியோவின் சின்னத் தியேட்டரில் போட்டுக் காட்டினார்கள். நம் பையனுக்கும் அந்த ஒட்டகத்தின் வயதுதானே, அவனையும் கூட்டிப்போனேன்.

அவனைப் பற்றி நீங்கள் கேட்பதில்லை. உங்கள் தம்பியின் பைக்கை அவன் கேட்காமல் எடுத்ததும், சாக்கடையில் விட்டதும், பின்னால் உட்கார்ந்திருந்த சிநேகிதனுக்குத் தோள் எலும்பு உடைந்ததும் சின்ன விஷயமில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். "அவன்கிட்ட போனைக் குடுக்காதே" என்று அன்று சொன்னீர்கள். அதன் பிறகு போன் மணி அடித்தால் அவன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறான்.

அவன் காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுகிறான். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் போகிறான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் அந்தச் சிநேகிதனின் அம்மாவைக் கடையில் பார்த்தேன். என்னைத் திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் பையன் தினமும் அவர்கள் வீட்டுக்குப் போகிறானாம். முதலில் அந்த வீட்டு அப்பா கேட்டைத் திறக்கவில்லையாம். இவன் வெளியிலேயே நின்று, அப்பாவும் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதும் சிநேகிதனின் பையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்திருக்கிறான். இப்போது உள்ளே போய் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டு, ஷூ லேஸ் கட்டி அழைத்துப் போகிறானாம். "உங்க புள்ளை உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். சொல்லவில்லை. நானும் அவனிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

படத்தில் அந்த அப்பா பதில் ஒன்றும் சொல்வதில்லை. கதவிலிருந்து கொஞ்சம் நகர்ந்து நிற்கிறார், பையன் உள்ளே போகிறான், அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது நம்மவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அந்த அப்பா ஏம்மா ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டான். தெரியவில்லையே என்றேன். இரண்டு நிறுத்தம் தாண்டியபின் அவனாகவே, "வழி விட்டாருல்ல" என்றான்.

நான் உங்களுக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. அலைகடலில் நிற்கிறவருக்கு வீட்டிலிருப்பவள் என்ன சொல்வது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இயந்திர அறைச் சூட்டிலிருந்து நேராகக் காற்றில் போய் நிற்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். நான் போனை எடுக்கப் போவதில்லை. மறுமுனையில் யாரோ தெரியாத ஆண்பிள்ளை பேசுவது போலிருக்கும். தப்பான நம்பர் என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
வீட்டுக்காரி