என் பக்க விளக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வருடம் சேலத்து வாள்வீச்சுப் போட்டியில் நான் தோற்கவில்லை. நடுவர் தன் கிளப் பெண்ணை ஜெயிக்க வைத்தார். "நடுவரு பொய் சொல்லுவாராக்கும்? தோத்துப்போட்டு சாக்குச் சொல்லாத சாமி" என்றீர்கள். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா நலமா?

சேலத்தில் நடுவர் கண்ணால் பார்த்துச் சொன்னதுதான் புள்ளி. இங்கே பஞ்சாப் பயிற்சி மையத்தில் மெஷின் வைத்து ஆடுகிறோம். ஜாக்கெட் முழுக்க உலோக இழை. வாள் அதில் பட்டதும் கரண்ட் பாய்ந்து, தொட்டவள் பக்கத்து விளக்கு எரியும். நம் தறியில் இழை அறுந்தால் கம்பி விழுந்து, கரண்ட் தொட்டுத் தறி நிற்குமே, அந்த மாதிரிதான். யார் வீட்டுப் பெண் என்று மெஷின் கேட்பதில்லை. ஆனால் இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தால் புள்ளி யாருக்கு என்று மறுபடியும் நடுவர்தான் சொல்வார். அவருக்கு அந்த வேலையே வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

நேற்றுக் கடைசிப் புள்ளிக்கு ஹரியானா பெண் பாய்ந்தாள். நான் பின்வாங்கியதில் அவள் வீச்சு காற்றில் போனது. உடனே என் வாளை அவள் தோளில் வைத்தேன். என் விளக்கு மட்டும் எரிந்தது! "எரிஞ்சுதுங்கோ!" என்று கத்திவிட்டேன். இப்போது விடுதியில் எனக்கு அதுதான் பெயர். தோற்றவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அம்மாவிடம் பருப்புப் பொடி கூடுதலாக அனுப்பச் சொல்லுங்கள். பொடி கேட்டு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், ஓட வேண்டும்.

அன்றைக்கு என்னை விட்டுவிட்டு அந்த ஆளை ஏன் நம்பினீர்கள்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
மோனிஷா