சின்னதுக்கு ஆள் இல்லை

பிப்ரவரி 6
எங்கள் கம்பெனியின் பெரிய டேப்லெட்டுக்குப் புது மென்பொருள் இன்று வெளியானது. சின்னதுக்கு இந்தத் தடவையும் இல்லை. சின்னதைப் பார்த்துக்கொள்ள நானும் இன்னொருவரும் இருந்தோம். அவரையும் பெரியதுக்கு மாற்றிவிட்டார்கள்.

பிப்ரவரி 9
எதைக் கேட்டாலும் "அடுத்த வாரம் பேசலாம்" என்பதால் எங்கள் மேலாளருக்கு 'அடுத்த வாரம்' என்றே பெயர். சின்னதுக்கு ஆள் கேட்டேன். இன்று மட்டும் உடனே பதில் சொன்னார்.
"சின்னது தானா வித்துட்டு இருக்கும்மா. தானா விக்கிறதுக்கு எதுக்கு ஆள் போடணும்?"
"வாங்கினவங்க என்ன சார் பண்ணுவாங்க?"
"விலை கம்மின்னு வாங்கினவங்க, பெருசா குறை சொல்ல மாட்டாங்க. சொன்னா, பெரியதை வாங்கிக்குவாங்க."
கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டமே.

பிப்ரவரி 15
தம்பி வீட்டில் சாப்பாடு. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவனுக்குக் குரல் இல்லை. எழுத்தைத் தட்டினால் அவனுடைய சின்ன டேப்லெட் பேசும். ரொட்டிக்கடைக் கல்லாவில் நிற்கிறவன். சட்டைப் பையில் அடங்குவது அது ஒன்றுதான். இன்று பாதிப் பேச்சில் நின்றுபோனது. அந்தப் பேசும் செயலியின் பழைய பதிப்பு மார்ச்சோடு சரியாம். சின்னதின் மென்பொருள் பழசு என்பதால் புதியது அதில் ஏறாது.
"உங்க கம்பெனிதானே அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.
நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 16
பெரியதை வாங்கித் தருகிறேன் என்றேன். பேப்பரில் எழுதிக் காட்டினான்: "கழுத்துல கட்டித் தொங்கவிட்டுக்கவா?"

பிப்ரவரி 23
அலுப்பு. வேறொன்றும் இல்லை.

மார்ச் 2
என்னையும் பெரியதுக்கு மாற்றுகிறார்களாம். பதவி உயர்வோடு. எல்லாரும் கை கொடுத்தார்கள். எனக்கு ஏன் அழுகை வருது?

மார்ச் 3
போகமாட்டேன் என்றேன். தம்பி விஷயத்தையும் சொன்னேன். சின்னதுக்கும் புது மென்பொருள் விடவேண்டும் என்றதும் மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.
"ஒருத்தருக்காகவா இவ்வளவு வேலை?"
"ஒருத்தர்தான்னு எப்படி சார் தெரியும்? நாம யாரையும் கேட்கவே இல்லையே."
"சரி, இந்த ஒரு தடவை. நீ மட்டும்தான் செய்யணும். அந்தப் பதவி வேற ஆளுக்குப் போயிடும்."
"போகட்டும் சார்."
சொல்லிட்டேன். வாய் தானா சொல்லிடுச்சு. வீட்டுக்கு வந்தப்புறம்தான் சம்பள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டேன்.

மார்ச் 19
சின்னதில் இடம் போதவில்லை. ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று படுத்துவிடுகிறது. அசையும் படங்கள், அலங்காரங்கள் — எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். யாருக்கு வேணும் அதெல்லாம்! கண் எரிகிறது.

மார்ச் 30
சின்னதுக்கான மென்பொருள் வெளியாகிவிட்டது. அறிவிப்பு எதுவும் இல்லை. பக்கத்து அறையில் பெரியதின் ஆட்கள் வேறு எதற்கோ கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. அடுத்த தடவை சின்னதை யார் பார்ப்பார்களோ.

ஏப்ரல் 4
மத்தியானம் தம்பியின் எண்ணிலிருந்து அழைப்பு. ஏற்ற இறக்கமே இல்லாத அந்த இயந்திரக் குரல்:
"அக்கா. சில்லறைக்காக ஒருத்தர் சண்டைக்கு வந்தார். அவர் மூச்சு விடுறதுக்குள்ள நாலு பதில் கொடுத்தேன். தெரு முழுக்கக் கேட்டுச்சாம். சத்தத்தைக் குறைக்கிறது எங்கே இருக்கு?"
"அப்படியே இருக்கட்டும்டா" என்றேன்.