மூன்று லிட்டர்

அண்ணா,

தொற்று பயத்தில் என்னை உன் அறைக்கு விட மாட்டேன் என்கிறார்கள். அதனால் இந்தக் கடிதம்.

காலையில் நர்ஸ் ஓடி வந்தார். "உங்க சிறுநீரகம் அங்க போய் மூணு லிட்டர் யூரின் இறக்கிடுச்சு!"

என்னிடம் இருந்தவரை அது மகா கஞ்சம். பஸ் கண்டக்டர் வேலையில் கழிப்பறைக்கு எங்கே போவது? தண்ணீர் குடிக்கவே மாட்டேன். குடித்த கொஞ்சத்தையும் அது வெளியே விடாது. உனக்குள் தேங்கிக் கிடந்ததைப் பார்த்ததும் வாரி இறைக்கிறது!

"யார் உடம்புல இருக்கோ, அவங்களுக்கு வேண்டியதத்தான் செய்யும்" என்றார் டாக்டர். கட்சி மாறிவிட்டது, போ.

இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் என்று அளந்து குடித்தவன் நீ. இன்று ஒரு பாட்டிலை முழுதாகக் காலி செய்துவிட்டு, "தங்கச்சிக்கும் ஒண்ணு குடுங்க, அவ தானா குடிக்க மாட்டா" என்றாயாம்.

குடித்துவிட்டேன், அண்ணா.

உன் தங்கை