முறைக்கு மூத்த என் மாமாவுக்கு

என் செல்ல மாமா,

அங்கே போயும் என்னை ‘மருமகனே’ என்று நீட்டி முழக்கித்தான் கூப்பிடுவாயா? என்னைவிட மூன்று வயது இளையவன் நீ. இப்படி எல்லாரையும் முந்திக்கொண்டு போவாய் என்று யார் நினைத்தார்கள்? ஆரியசாலைக் கடைத்தெருவில் நம் மிளகாய்க் கடையைத் தனியாகத் திறக்கும்போதெல்லாம் உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

விஷுவுக்கும் பொங்கலுக்கும் நம் வீட்டில் நடக்கும் கூத்து நினைவிருக்கிறதா? பெரியவர்கள் காலில் விழச் சொல்வாள் என் அம்மா, அதுதான் உன் அக்கா. அந்தப் பெரியவர்கள் வரிசையில் அரைக்கால் சட்டையோடு நீயும் நிற்பாய். நான் முறைப்பேன். “வயசு என்ன வயசு? முறைதான் பெருசு. மாமன் கால்ல விழுலே” என்பாள். நான் குனிவதற்குள் நீ கூச்சத்தில் ஓடிவிடுவாய். என் கல்யாணத்தில்கூட உன்னைத் தேடினால், பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறாய். கடைசிவரை ஒரு தடவையாவது என் நமஸ்காரத்தை நின்று வாங்கிக்கொண்டாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் உமாவுக்கு நிச்சயதார்த்தம். நல்ல பையன், பேச்செல்லாம் மலையாளம்தான். தட்டு மாற்றுவதற்கு முன்னால் உமா பெரியவர்கள் காலில் விழ வேண்டும். அவளைப் பெற்ற அத்தையைக் காணோம். அடுக்களையில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் வரக் கூடாதாம். அம்மாதான் சொல்லியிருக்கிறாள். உன் இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள்.

உமா அசையவில்லை. “அத்தான், எனக்கு அம்மை கால்லதான் முதல்ல விழணும்” என்றாள். கண் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்றவளிடம் வாங்காத ஆசீர்வாதத்தை வேறு யாரிடம் வாங்கி என்ன, மாமா?

எங்கிருந்துதான் எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ! அடுக்களைக்குப் போய் அத்தையைக் கூடத்துக்கு வரச் சொன்னேன். ஏதோ அவசரம் என்று கரண்டியோடு வந்துவிட்டாள். அத்தனை பேர் முன்னாலும் சாஷ்டாங்கமாக அவள் காலில் விழுந்தேன்.

பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். “ஐயோ, என்ன இது? நீங்க வயசுல மூத்தவங்கல்லா?”

“முறைக்கு நீங்கதானே பெரியவங்க, அத்தை” என்றேன், அம்மாவுக்கும் கேட்கும்படி. அவள் போட்ட சட்டம்தானே.

அத்தை நின்றாள். கையை என் தலையில் வைத்தாள். எனக்குப் பின்னாலேயே உமா வந்து விழுந்தாள். அம்மா தன் நாற்காலியை நகர்த்தி, பக்கத்தில் அத்தைக்கு இடம் விட்டாள். விழுந்ததில் எனக்கு என்ன குறைந்துவிட்டது, மாமா? நீ போனபிறகு அன்றுதான் அத்தை தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்திரையில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் பொண்ணும் மாப்பிள்ளையும் முதலில் அத்தை காலில்தான் விழுவார்கள். குறுக்கே யார் வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் இடத்தில் நான் நிற்க மாட்டேன், மாமா. அங்கே அத்தை நிற்பாள். நான் அவள் பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
உன்னைவிட மூத்த,
உன் அக்காள் மகன்