தனிப் பாத்தி

அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டாய். "ஆச்சும்மா" என்றேன். அறைத் தோழி வேலையை விட்டுப் போனதிலிருந்து தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம்.

பண்ணையில் கத்தரிக்கு நடுவே கொத்தமல்லியை ஊடுபயிராக விதைக்கிறோம். விளைச்சலை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பாத்தியில் மட்டும் கத்தரியைத் தனியாக விடவேண்டும். அந்தப் பாத்தி என் பொறுப்பு. கையில் மிஞ்சிய விதையை அதிலும் தூவிவிட்டேன். முளைத்ததும் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இந்தப் பாத்திக்குக் கொத்தமல்லி நடந்தா வந்துச்சு?"

"தனியா நிக்குதேன்னு பாவமா இருந்துச்சு சார்."

"கத்தரிச் செடிக்கா பாவம் பார்த்தே? இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா வேலை இருக்காது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். நீ கவலைப்படாதே.

ஒரு சின்ன உதவி. அடுத்த முறை பேசும்போது போனைச் சமையல் மேடையிலேயே வைத்துக்கொள். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டால் போதும். நானும் அப்போதே சாப்பிட்டுவிடுவேன்.

டவுனுக்கு வண்டி கிளம்புகிறது. இதைத் தபாலில் சேர்க்கவேண்டும்.

உன் மகள்

சொல்ல மறந்துவிட்டேன். சார் சொன்னதற்கு மறுநாள் காலை அந்தக் கொத்தமல்லி முளைகளையெல்லாம் நானே பிடுங்கிப் போட்டேன். பாத்தியில் இப்போது கத்தரி மட்டும் நிற்கிறது.