எங்கள் வீட்டு இருவாச்சி

மார்ச் 4, செவ்வாய்

புது மூட்டு வைத்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. கால் என்னுடையது, முட்டி மட்டும் ஆஸ்பத்திரி கொடுத்தது. நாற்காலியிலிருந்து கழிப்பறை, கழிப்பறையிலிருந்து நாற்காலி. தேக்கா சந்தையில் நான் வேலை பார்க்கும் தையற்கடையில் என் மெஷின் தூசி படிந்து கிடக்கும்.

நேற்று சிவானி பொங்கோலில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்தாள். பெற்ற மகள்தான், பேச்சு மட்டும் மேனேஜர் பேச்சு. "அம்மா, மெய்டு எடுத்துரலாம்லா. அப்பாவுக்கு டீ போடக்கூடத் தெரியாது. யூ வில் ஸ்டார்வ்." எனக்கு வீட்டோடு தங்கும் வேலைக்காரி வேண்டாம். இந்த மூன்றறை வீட்டில் அந்தப் பெண்ணை எங்கே படுக்கவைப்பது? ஸ்டோர் ரூமிலா? யார் பெற்ற பிள்ளையோ, ஜன்னல் இல்லாத இடத்தில் படுத்திருக்க, எனக்கு இந்தப் பக்கம் தூக்கம் வருமா? அதுவும் போக, என் அடுப்பை இன்னொருத்தி துடைப்பதை உட்கார்ந்து பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது.

கடைசியில் ஒரு ஒப்பந்தம். இந்த மாதம் முடியும்வரை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். பிறகு வந்து முடிவு சொல்வாளாம்.

அப்பா என்றால் என் வீட்டுக்காரர். டைரிதானே, பெயரை எழுதிவிடலாம் - மருதப்பன். செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலை, போன வருடம் ஓய்வு. ராட்சத கிரேன் ஓட்டியவர். கேஸ் அடுப்பைப் பற்றவைக்க என்னைக் கூப்பிடுகிறார்.

மார்ச் 6, வியாழன்

பகல் முழுக்க டிவி. நாடகங்களில் எல்லோரும் அழுகிறார்கள், அதைப் பார்த்தால் முட்டி கூடுதலாக வலிக்கிறது. மாற்றி மாற்றி, விலங்குகள் வரும் சானலில் வந்து நின்றேன். தமிழில் பேசுகிறார்கள். அந்தக் குரல்காரர் எதைச் சொன்னாலும் கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போலவே இருக்கிறது. "பசித்திருக்கும் பெண் சிங்கம், இதோ, தன் குடும்பத்திற்காகப் புறப்படுகிறது." ஆண் சிங்கம் மரத்தடியில் குறட்டை. இரை விழுந்ததும் முதல் ஆளாக எழுந்து வருகிறது.

இவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "அதான் ராஜா" என்றார், என்னமோ தன் சொந்தக்காரன் மாதிரி.

"ராஜா, பருப்பு அடிப்பிடிக்குது" என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று பென்குவின். பனிப்புயலில் அப்பா பென்குவின் முட்டையைக் காலில் தாங்கிக்கொண்டு சாப்பிடாமல் நிற்கிறது. மாதக்கணக்கில். அம்மா கடலுக்குப் போய்விட்டது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். "அவனுக்கு வேற வேல இல்ல, நிக்கிறான்" என்றார். உங்களுக்கும்தான் இல்லை என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். மாதம் முடியும்வரை இவருடைய தயவு வேண்டும்.

மார்ச் 12, புதன்

இவர் வைத்த ரசத்தைக் குடித்தேன். காது வழியாகப் புகை வந்தது. மதியச் சாப்பாடு இனி வெளியில் வாங்குவது என்று முடிவு.

நாங்கள் இருக்கும் ஆங் மோ கியோவில் கடைக்கா பஞ்சம்? ஆனால் இவர் ரயிலேறித் தேக்காவுக்கே போகிறார். "அங்கதான் பாப்பா நல்லா இருக்கும். ஒனக்காகத்தான் போறேன்." என் பெயர் பாப்பாத்தி; இவர் வாயில் எப்போதாவதுதான் பாப்பா ஆகும். மனசு குளிர்ந்துபோய்விட்டது, பொய் சொல்வானேன். சர்க்கரை உள்ள மனுஷன், வெயிலில் அலைகிறாரே என்றும் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

இன்று பார்த்த பறவைக்கு இருவாச்சி என்று பெயர். பெரிய மஞ்சள் மூக்கு, அதன்மேல் இன்னொரு மூக்கை ஒட்டிவைத்தது போல. பெட்டை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, மண்ணும் எச்சமும் பூசி வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறது. மூக்கு நுழைய ஒரு கீறல் மட்டும் பாக்கி. சேவல் பறந்து பறந்து பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டுகிறது. நம்ம கதையேதான். எனக்கு முட்டை இல்லை, முட்டி.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து தங்கை சக்தி போன் செய்தாள். "அத்தான் எங்கக்கா?" என்றாள்.

"எங்க வீட்டு இருவாச்சியா? தேக்காவுக்குப் போயிருக்கு. வந்தாத்தான் எனக்குச் சோறு."

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது திரும்பினால், வாசலில் பொட்டலத்தோடு இவர். முகம் ஒரு மாதிரி. சோற்றைத் தட்டில் கொட்டி என் முன்னால் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

மார்ச் 15, சனி

பேச்சு இல்லை. சாப்பாடு வந்தது, தண்ணீர் வந்தது, மாத்திரை வந்தது. வார்த்தை வரவில்லை. பறவை என்று சொன்னதற்கா கோபம்? சிங்கம் என்றால் மட்டும் இனிக்கிறதா?

மார்ச் 17, திங்கள்

பதினொரு மணிக்குக் கிளம்பினார். இப்போது மூன்று ஆகப்போகிறது. போன் அடித்தால் படுக்கையறையில் மணி கேட்கிறது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இல்லை, வேண்டுமென்றேதானா?

பிஸ்கட் டின் அலமாரியின் மேல்தட்டில். எழுந்து பார்த்தேன், கை எட்டவில்லை, முட்டி உயிர் போகிறது. உட்கார்ந்துவிட்டேன்.

சிவானியைக் கூப்பிடலாம். அரைமணியில் வந்துவிடுவாள். வந்தால் அதோடு ஒப்பந்தம் முடிந்தது, நாளைக்கே மெய்டு ஏஜென்ட். அதனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடாமல் இருக்கிறேன்.

அந்த இருவாச்சிச் சேவல் வழியில் எங்காவது விழுந்துவிட்டால் உள்ளே இருப்பதன் கதி என்ன என்று குரல்காரர் சொல்லவில்லையே. எங்கயாச்சும் மயங்கி விழுந்துட்டாரோ? சர்க்கரை ஏறிருச்சோ? பாழாப்போன முட்டி, கீழ எறங்கிப் பாக்கக்கூட முடியல. எனக்குப் பயமா இருக்கு. பசியவிட அதுதான் பெருசா இருக்கு.

அதே நாள், சாயங்காலம்

வந்துவிட்டார். கடவுளே.

ஒரு கையில் சாப்பாடு, இன்னொரு கையில் பாலிகிளினிக் மருந்துப் பை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சரி, நான் ரெண்டு வாய்தான். ஒத்துக்குறேன். ஒனக்கு யாரு சொன்னது? வடைக் கடைக்காரனா?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அன்னைக்கு சக்திகிட்ட சொன்னியே, இருவாய் ஆச்சின்னு. எனக்கு ரெண்டு வாய் ஆயிருச்சு, வீட்ல ஒரு வாயி, தேக்கால ஒரு வாயி. சரியாத்தான் சொன்ன. டெய்லி அங்க நின்னு வட தின்னுட்டு, சீனி போட்ட டீயும் குடிச்சிட்டுத்தான் வந்தேன். மூணு நாளா மனசு கேக்கல. அதான் இன்னைக்கு டெஸ்ட் பண்ணப் போனேன். பெரிய கியூ. நர்ஸு ஏசுது, அங்கிள் இப்டிச் சாப்ட்டா கால எடுத்துருவாங்கன்னு."

முதலில் சிரிப்பு வந்தது. முட்டி வலிக்க வலிக்கச் சிரித்தேன். இருவாச்சி ஒரு பறவைங்க, பறவை என்றேன். அவர் நம்பவில்லை. பிறகு அழுகை வந்துவிட்டது. "ஒரு கால் போயி நான் உக்காந்திருக்கேன், நீங்களும் போனா யாருங்க நடக்குறது?" என்றேன். "எனக்காகத்தான் தேக்கா போறீங்கன்னு நெனச்சேன்."

"ஒனக்காகவும்தான்" என்றார், தலையைக் குனிந்துகொண்டே.

தேக்காச் சாப்பாட்டுக்கு இன்றோடு முழுக்கு. இனி வீட்டில் இவரே சமைப்பாராம்.

மார்ச் 19, புதன்

இருவாச்சியை மறுபடி போட்டார்கள். இவரை அருகே உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"அவன் வழில ஒண்ணும் திங்க மாட்டானா?"

"பழத்த முழுங்கித்தான் எடுத்துட்டு வர்றான். வந்து ஒண்ணொண்ணா வெளிய எடுத்துக் குடுக்குறான், பாருங்க."

"அதுக்கு நான் பரவால்ல" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

எங்கள் அடுக்குமாடி புளோக் அடியில் இருவாச்சியைப் பார்த்தேன் என்று மூச்சிரைக்க வந்து போனில் படம் காட்டினார். மைனா.

மார்ச் 30, ஞாயிறு

சிவானி வந்தாள். போன் நிறைய ஏஜென்ட் அனுப்பிய வேலைக்காரப் பெண்களின் படங்கள். எல்லாம் சின்னச் சின்ன முகங்கள். "சோ, எப்டிப் போச்சு?" என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடிப்பிடித்த பருப்பு, வடை, சர்க்கரை, அன்று நான் பட்டினி கிடந்தது, ஒன்றையும் விடவில்லை. இப்படியா ஒரு மனுஷன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வார்?

"பாத்தீங்களா? தட்ஸ் ஒய் ஐ செட்" என்றாள் சிவானி.

"இரும்மா, இன்னும் முடிக்கல" என்றார் இவர். "ஆள் வந்தா எனக்கு சௌகரியம்தான். காலாட்டிக்கிட்டு இருக்கலாம். இத்தன வருஷமா அப்டித்தானே இருந்தேன். ஆனா ஒங்கம்மாவுக்குச் சோறு போடுறது என் வேல. அத வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன். இப்பதான் கத்துக்கிட்டு வர்றேன்."

சிவானி என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். அங்கே ஏதோ ஓடியது, கண்ணில் தண்ணீர், என்ன விலங்கு என்றே தெரியவில்லை. சிவானி போனைப் பைக்குள் போட்டாள். "அப்பா, ரசத்துக்கு யூ ட்யூப் பாருங்க, ப்ளீஸ்" என்றாள்.

ஏப்ரல் 16, புதன்

கைத்தடி இல்லாமல் கீழே போய் வந்தேன். இவர் பின்னாலேயே வந்தார், நான் விழுந்தால் பிடிக்க. இவர் விழுந்தால்?

மே 6, செவ்வாய்

கடைக்குத் திரும்பிய முதல் நாள். மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு ரவிக்கைக்குக் கை வைத்தேன். முட்டி மடங்குகிறது. மதியம் பக்கத்துக் கடையில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம், இனி நடக்கத்தான் முடிகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு அடுக்குப் பாத்திரத்தோடு இவர் வந்து நின்றார். காலையில் சொல்லவே இல்லை. கடை முதலாளியம்மா எழுந்து முக்காலியைக் கொடுத்தார்.

"நீங்க சாப்ட்டீங்களா?" என்றேன்.

"இல்ல. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன்."

துணிகளை ஒதுக்கிவிட்டு, வெட்டுகிற மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டோம். சோறு, ரசம், முட்டைக்கோஸ்.

"உப்பு கூட" என்றேன்.

இவர் இன்னொரு வாய் வைத்துப் பார்த்தார். "ஆமா" என்றார். "நாளைக்குக் கொறச்சிக்கிறேன்."